கார்-டி சிகிச்சைக்கான பரிசு யார் யாருக்கு உரியது?

கேள்வி (கல்லூரி ஆசிரியர்):
வணக்கம். 2024ஆம் ஆண்டுக்கான உயிர் அறிவியல் பிரேக்த்ரூ பரிசுகளில் ஒன்று, கார்-டி செல் சிகிச்சைக்காக அமெரிக்காவில் பணியாற்றும் கார்ல் ஜூன், மிஷேல் சாடலேன் ஆகிய இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசுத் தொகை 30 லட்சம் டாலர். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும் 'கார்' என்னும் ஏற்பிக்கான (செல்லின் மேற்பரப்பில் அமரும் புரதத்துக்கான) மரபணுவை அவற்றுள் செலுத்தி, பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றும் இச்சிகிச்சை குறித்து மாணவர்களுக்கு ஓர் உரை தயாரித்து வருகிறேன். இத்தகைய ஏற்பியை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஸெலிக் எஷ்ஹார் குழுவினர் 1989இலேயே உருவாக்கிக் காட்டினர் என்று படித்தேன். அவ்வாறெனில் அவர் ஏன் இப்பரிசில் இடம்பெறவில்லை என்று மாணவர்கள் கேட்டால் என்ன விடை சொல்வது?

மறுமொழி (ஆய்வு மாணவி):
ஐயா, இன்னும் சற்றுப் பின்னால் செல்ல வேண்டும். ஜப்பானில் யோஷிகாசு குரோசாவா குழுவினர் இதையொத்த ஏற்பியைப் பற்றி 1987இலேயே கட்டுரை வெளியிட்டுள்ளனர். ஆனால் அந்த முதல் தலைமுறை ஏற்பிகளைத் தாங்கிய டி செல்கள் புற்றுச் செல்லை அடையாளம் கண்டனவே தவிர, உடலுக்குள் பெருகி நெடுநாள் நிலைக்கவில்லை. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் சாடலேன், டி செல்லைப் பெருகத் தூண்டும் சிடி28 என்னும் துணைச் சமிக்ஞைப் பகுதியை 2002இல் ஏற்பியோடு இணைத்தார். சில இரத்தப் புற்றுச் செல்களின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்னும் புரதத்தைக் குறிவைக்கும் செல்கள் எலிகளில் புற்றை அழிப்பதை மறு ஆண்டு காட்டினார். பென்சில்வேனியாவில் ஜூன், புரூஸ் லெவினுடன் இணைந்து, டி செல்களை உடலுக்கு வெளியே பெருமளவில் வளர்க்கும் முறையை எச்ஐவி ஆய்வுகளின் வழியே முன்பே செம்மைப்படுத்தியிருந்தார். பரிசு இப்பணிகளுக்கே உரியது, அதில் எனக்கு ஐயமில்லை. என் வருத்தம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஜூன் குழுவினர் பயன்படுத்திய, சிடி28க்குப் பதில் 4-1பிபி என்னும் துணைச் சமிக்ஞைப் பகுதியைக் கொண்ட ஏற்பி, மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாரியோ காம்பானாவும் சிஹாயா இமாயும் உருவாக்கி 2004இல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வந்தது. அவ்விருவரின் பெயரைப் பாடநூல்களில்கூட அரிதாகவே காண்கிறேன்.

மறுமொழி (இரத்தப் புற்று வந்த சிறுவனின் தாய்):
நான் அறிவியல் படித்தவள் அல்ல. மகனுக்கு நோய் வந்த பிறகே இவற்றைப் படிக்கத் தொடங்கினேன். 2012இல் ஆறு வயது எமிலி வைட்ஹெட் பிலடெல்பியாவில் இச்சிகிச்சையைப் பெற்று, கடுமையான காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகச் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தபோது, அவள் இரத்தத்தில் ஐஎல்-6 என்னும் புரதம் அளவு கடந்து இருப்பதைக் கண்டார்கள். அதைத் தடுக்கும் மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாபை, தம் மகளின் மூட்டுவாதம் காரணமாக ஜூன் முன்பே அறிந்திருந்தார். அவளுக்குச் சிகிச்சையளித்த ஸ்டீபன் கிரப் குழுவினர் அதைச் செலுத்த, சிறுமி பிழைத்தாள். அந்த ஓர் இரவு தவறியிருந்தால் இந்தச் சிகிச்சை முழுவதுமே நின்று போயிருக்கக்கூடும். எனவே கிரப்பின் பெயரையும், அந்தக் கட்டத்தில் மகளை ஒப்படைக்கத் துணிந்த பெற்றோரையும் உங்கள் உரையில் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற உயிர்வேதியியலாளர்):
இருவர் மூவரோடு நிறுத்தியே தீர வேண்டும் என்பதில்லை. நோபல் விதி ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர இடந்தராது. ஆனால் போர்ச்சுகலின் சாம்பலிமோ அறக்கட்டளை, பிறவிப் பார்வைக் குறைபாட்டிற்கான ஆர்பிஇ65 மரபணு சிகிச்சைக்குத் தனது 2018ஆம் ஆண்டுப் பரிசை ஏழு பேருக்கு வழங்கியது. விழித்திரையில் அந்த மரபணுவைக் கண்டறிந்த மைக்கேல் ரெட்மண்ட் முதல், நோயாளிகளுக்கு அறுவை செய்து மருந்தைச் செலுத்திய ஆல்பர்ட் மெக்வயர் வரை அதில் இருந்தனர். கண்டறிந்தவரையும் கையாண்டவரையும் ஒரே மேடையில் நிறுத்திய அந்த முறையே எனக்கு நியாயமாகப் படுகிறது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. காம்பானா, இமாய் ஆகியோரின் 2004ஆம் ஆண்டுக் கட்டுரையை மாணவர் இருவரிடம் கொடுத்து, அவர்களையே விளக்கச் சொல்லப் போகிறேன். கிரப்பின் பெயரும் எமிலியின் பெற்றோரும் உரையில் இடம்பெறுவார்கள். அம்மா, உங்கள் மகன் இப்போது எப்படி இருக்கிறான்?

மறுமொழி (சிறுவனின் தாய்):
மருந்துகளிலேயே குணமாகிவிட்டான் ஐயா, கார்-டி தேவைப்படவில்லை. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு.