மொறிஸ் மைனர்: பிரேக் பிடிச்சால் இடப்பக்கப் பின் லைற் மங்குது, உதவி தேவை

கேட்டவர் (உரும்பிராய்):
வணக்கம். அப்பா ஓடின பழைய மொறிஸ் மைனர் 1000 கார் இப்ப என்ர கையில. இரவில பார்க் லைற்றோட பிரேக் பிடிச்சால் வலப்பக்கம் பளிச்செண்டு எரியுது, இடப்பக்கம் மங்கிப்போகுது. இடது சிக்னல் போட்டால் பின் பார்க் லைற்றும் சேர்ந்து மினுங்குது. பல்ப் புதுசு. பியூஸ் ரெண்டும் நல்லாயிருக்கு. கராஜ் ஒண்டில முழு வயரிங்கையும் மாத்தச் சொல்லினம். ஆசையா வச்சிருக்கிற கார், தேவையில்லாமல் பிரிச்சுப்போட மனமில்லை. வீட்டிலயே பார்க்கலாமோ?

பதில் (நல்லூர்):
தம்பி, வயரிங்கை மாத்தாதேங்கோ. இது ஏர்த் கோளாறு. ஏர்த் எண்டது கரண்ட் பொடி இரும்பு வழியா பற்றரிக்குத் திரும்பிப்போற வழி. இடப்பக்க லைற் கூட்டுக்கு ஏர்த் ஒழுங்கா இல்லை. அதால பிரேக் இழை, சிக்னல், பார்க் லைற் இழை எல்லாத்தின்ர கரண்டும் அந்த ஒரே மோசமான ஏர்த்துக்குள்ளால நெருக்குப்பட்டுத் திரும்புது, வோல்ற் அங்கயே விழுந்துபோகுது. இடப்பக்கம் மங்குறதும் சேர்ந்து மினுங்குறதும் அதாலதான்.
மல்ரி மீற்றரை டீசி வோல்ற்றில வையுங்கோ. ஒரு முனை லைற் கூட்டின்ர இரும்பில, மற்றது பற்றரியின்ர ஏர்த் முனையில. ஆரையேன் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கோ. 0.2 வோல்ற்றுக்குள்ள நிண்டால் ஏர்த் நல்லது. அரை வோல்ற்றைத் தாண்டினால் அங்கதான் பிழை. மைனர் பொசிற்றிவ் ஏர்த், பிளஸ் முனைதான் பொடியில பூட்டியிருக்கும். அதை மாறிப் பூட்டிடாதேங்கோ.

பதில் (அராலி):
அண்ணை சொன்னது சரி. மைனரில லைற் கூடு இருக்கிற பின் மட்காட் தனித்தகடு, பொடியோட போல்ற்றில பூட்டினது, இடையில பீடிங் எண்ட ஒடுக்கமான பட்டியும் கிடக்கு. பெயின்ற் அடிச்ச காரெண்டால் கரண்ட் போக அந்த போல்ற்தான் வழி. எங்கட உப்புக்காத்துக்கு அது கறள்பிடிக்காமல் இருக்குமோ? தனிக் கறுப்பு வயர் ஒண்டை லைற் கூட்டிலயிருந்து டிக்கிக்குள்ள வெறும் இரும்பு தெரியச் சுரண்டின இடத்துக்கு இழுத்துப் பூட்டுங்கோ. பூட்டினாப் பிறகு மேல கிறீஸ் பூசுங்கோ.
வேலைக்கு முதல் பற்றரி ஏர்த்தைக் கழட்டுங்கோ. இந்தக் காரில ஹெட்லைற் வயருக்குப் பியூஸே இல்லை. அது எங்கையாவது இரும்பில முட்டினால் வயரே எரியும்.

கேட்டவர்:
பிரேக் மிதிக்க நாலு வோல்ற்றுக்கு மேல காட்டிச்சு! லைற் கூட்டின்ர ஸ்குரூவைக் கழட்ட செம்மண் மாதிரி கறள் கொட்டுண்டுது. சுரண்டிப்போட்டுக் கறுப்பு வயர் இழுத்தன். இப்ப 0.1. ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.

பதில் (நல்லூர்):
சந்தோசம் தம்பி. கையோட என்ஜினில இருந்து பொடிக்குப் போற பின்னல் ஏர்த் பட்டியையும் பாருங்கோ. அது அறுந்தால் ஸ்ராட்டர் கரண்ட் சோக் கேபிளுக்குள்ளால (சோக் இழுக்கிற கம்பி) ஓடும். ஸ்ராட் பண்ணேக்க கேபிள் சுட்டால் உடன நிப்பாட்டிப்போட்டு அந்தப் பட்டியை மாத்துங்கோ.