சிறிய விமானப்படைக்குப் போர் விமானம் தேர்வு: வாங்கிய பிறகு எங்கே சறுக்குகிறது? (அனுபவப் பகிர்வு)

சுழலி:
பழைய விமானங்கள் ஓய்வு பெறும் நேரம், கையில் 12 அல்லது 24 விமானத்துக்கான காசு. இந்த நிலையில் வாங்கிய நாடுகளுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே சேர்ப்போம். எது வேகம், எதன் ரேடார் தூரம் என்பதெல்லாம் வேண்டாம், அதற்கு நூறு இழைகள் இருக்கின்றன.

முதல் ஆளாக தென்னாப்பிரிக்கா. ஸ்வீடனின் கிரிப்பன் போர் விமானம் 26 வாங்கினார்கள். 2008 முதல் 2012 வரை வந்து சேர்ந்தன. 2013-லேயே 12 விமானங்கள் நீண்டகாலச் சேமிப்புக்குப் போய்விட்டன. 2021 செப்டம்பரிலிருந்து மொத்த அணியும் தரையில். பராமரிப்பு ஒப்பந்தம் கைவசம் இல்லை, அவ்வளவுதான் காரணம். புது ஒப்பந்தம் முடிய ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டில் துருப்பிடித்தது விமானம் மட்டுமா? பைலட்டும் பறக்காமல் இருந்தால் தகுதி காலாவதியாகும். அவருக்குச் சோதனைப் பறப்பு கொடுக்கும் பயிற்றுநரின் தகுதியும் சேர்ந்து போய்விட்டால், வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டும்.

என்ஜின் ஷெட்:
சுழலி சொன்னதற்கு என்ஜின் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு.

12 இரட்டை என்ஜின் விமானம், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 150 மணி பறக்கிறது என்று வையுங்கள். 24 என்ஜின் × 150 = 3,600 என்ஜின் மணி. ரஷ்யாவின் சுகோய்-30-இன் ஏஎல்-31எஃப்பி என்ஜினுக்கு ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) இடைவெளி 1,000 மணி, மொத்த ஆயுள் 2,000 மணி. ஆக ஆண்டுக்கு மூன்று நான்கு என்ஜினைக் கழற்ற வேண்டிவரும்; அதில் கிட்டத்தட்ட இரண்டு ஓவர்ஹாலுக்குப் போகும். மற்ற இரண்டு ஆயுள் முடிந்து குப்பைக்குப் போகும். ஓவர்ஹால் வெளிநாட்டில் என்றால் பெட்டியில் ஏற்றி, சுங்கம் முடித்து, வரிசையில் நின்று, திரும்பி வர 10 மாதம் சாதாரணமாக ஓடிவிடும். அப்படியானால் எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் ஒன்றிரண்டு என்ஜின் ஊரில் இல்லை. பறவை மோதியோ கல் உறிஞ்சியோ திடீரென்று கழற்றுவது தனிக் கணக்கு.

ஒப்பந்தத்தில் உதிரி என்ஜின் இரண்டுதான் என்றால், ஆறாம் ஏழாம் ஆண்டில் ஒரு விமானத்தைக் கழற்றி இன்னொன்றைப் பறக்க வைக்கத் தொடங்குவார்கள். எல்லா விமானமும் ஒரே ஆண்டில் வந்து, ஒரே வேகத்தில் மணி சேர்ந்து, எல்லா என்ஜினும் ஒரே சமயத்தில் 1,000-ஐத் தொடும். முதல் ஆண்டிலேயே சிலவற்றை அதிகமும் சிலவற்றைக் குறைவாகவும் பறக்கவிட்டு மணியைப் படிக்கட்டுபோல் பிரித்து வைக்காதவர்கள் எல்லோரும் இதில் மாட்டுவார்கள். பழைய மிக்-29-இல் இன்னும் மோசம்; ஆரம்ப ஆர்டி-33 என்ஜின் 350 மணிக்கே ஓவர்ஹால் கேட்டது.

மலேசியாவில் 2018-இல் பாதுகாப்பு அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னது: 18 சுகோய்-30எம்கேஎம்மில் பறக்கக்கூடியவை 4.

அமெரிக்காவின் எஃப்404 போன்ற என்ஜின் ஆறு மாட்யூலாக (தனித்தனியாக மாற்றக்கூடிய பகுதிகளாக) பிரியும். பழுதான மாட்யூலை மட்டும் மாற்றி, தளத்திலேயே சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து மாட்டிவிடலாம். ஆனால் அந்தச் சோதனை மேடை விலைப்பட்டியலில் 'விருப்பத் தேர்வு' என்று எங்கோ கடைசிப் பக்கத்தில் இருக்கும். பேரத்தில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

பேரேடு:
என்ஜின் ஷெட் போட்ட கணக்கையே பைலட் பக்கம் திருப்புகிறேன். 12 விமானம் × 150 = ஆண்டுக்கு 1,800 மணி. 16 பைலட்டுக்குப் பங்கிட்டால் தலைக்கு 112 மணி. நேட்டோ நாடுகள் வைத்திருக்கும் அளவுகோல் 180. அதை எட்ட மொத்தம் 2,880 மணி வேண்டும். எந்த நேரத்திலும் 12-இல் 7 தான் தயார் என்றால், அந்த ஏழு இடங்களும் ஆண்டுக்கு 410 மணி சுமக்க வேண்டும், அதாவது வாரம் எட்டு மணி. நடக்காது. அதனால்தான் சிமுலேட்டரை முதல் நாளிலிருந்தே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். விமானத்தின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது சிமுலேட்டரையும் அதே பதிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பைலட் தரையில் ஒரு திரையும் வானில் வேறு திரையும் பார்ப்பார்.

விலைக்கு வருவோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது போர் விமானத்துக்கு அப்படியே பொருந்தும். இந்தியா 2016-இல் பிரான்ஸின் 36 ரஃபேலுக்குப் போட்ட ஒப்பந்தம் 787 கோடி யூரோ. அப்போது பத்திரிகைகளில் வந்த பிரிப்பில் வெறும் விமானத்துக்கு சுமார் 342 கோடி, பாதிகூட இல்லை. மற்றது இந்தியாவுக்கென்று கேட்ட மாற்றங்கள், தளக் கட்டமைப்பு, ஆயுதம், உதிரி. அதில் கவனிக்க வேண்டியது, அணியில் 75 சதவீதம் எப்போதும் பறக்கத் தயார் என்ற உத்தரவாதம். சிறிய நாடுகள் இந்த வரியைத்தான் பேரத்தில் விட்டுவிடுகின்றன. கேட்கும்போது 'தயார்' என்றால் என்ன என்பதையும் எழுதி வாங்க வேண்டும். ரேடார் வேலை செய்யாமல் பறந்தால் அது தயாரா? எழுதவில்லை என்றால் விற்றவர் ஆம் என்பார்.

இன்னொன்று. அமெரிக்கா தன் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்கும் தொகையைப் பார்த்து "ஒரு விமானம் இத்தனை கோடி" என்று வகுத்துச் செய்தி போடுகிறார்கள். அது உச்சவரம்பு; ஆயுதம், பயிற்சி, உதிரி எல்லாம் சேர்ந்தது. கையெழுத்தாகும் தொகை அதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம்.

சீல் வைத்த கவர்:
காசு இருந்தும் வாங்க முடியாமல் போனதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

அர்ஜென்டினா 2015-இல் மிராஜ்களுக்கு விடை கொடுத்தது. அடுத்துத் தென்கொரியாவின் எஃப்ஏ-50 என்ற இலகு போர் விமானத்தைப் பார்த்தார்கள். 2020-இல் தயாரிப்பாளரே கைவிரித்தார்: ஆறு முக்கியப் பாகங்கள் பிரிட்டன் தயாரிப்பு, ஃபாக்லாந்து விவகாரத்தால் (பிரிட்டனும் அர்ஜென்டினாவும் உரிமை கோரும் தீவுகள்) ஏற்றுமதி உரிமம் கிடைக்காது. பாகிஸ்தான்-சீனத் தயாரிப்பான ஜேஎஃப்-17-இலும் வெளியேற்ற இருக்கை (ஆபத்தில் பைலட்டை வெளியே தூக்கி எறிவது) பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்துடையது. கடைசியில் 2024 ஏப்ரலில் டென்மார்க்கின் பழைய எஃப்-16, 24 விமானம், சுமார் 30 கோடி டாலருக்கு. எஃப்-16-இன் ஏசெஸ்-2 இருக்கை அமெரிக்கத் தயாரிப்பு. ஓர் இருக்கை தேர்வுப் பட்டியலையே மாற்றியிருக்கிறது பாருங்கள்.

குரோஷியா இஸ்ரேலிடமிருந்து 12 பழைய எஃப்-16 வாங்க 2018-இல் முடிவு செய்தது. இஸ்ரேல் பொருத்திய சாதனங்களோடு மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க அமெரிக்கா ஒப்பவில்லை. 2019 தொடக்கத்தில் பேரம் முறிந்தது. பிறகு பிரான்ஸிடம் பழைய ரஃபேல் வாங்கினார்கள். பாகிஸ்தான் காசு கட்டிய 28 எஃப்-16, 1990-இல் வந்த அமெரிக்கத் தடையால் அரிசோனா பாலைவனத்தில் நின்றது எல்லோருக்கும் தெரியும். இந்தோனேசியா 2018-இல் ஒப்பந்தம் போட்ட 11 சுகோய்-35, ரஷ்ய ஆயுதம் வாங்குவோர் மீதான அமெரிக்கத் தடைச் சட்டத்தின் பயத்தில் வரவே இல்லை.

ஆகவே தேர்வுக் குழு முதலில் கேட்க வேண்டியது பாகங்களின் நாடு வாரிப் பட்டியல். என்ஜின், இருக்கை, ரேடார், சங்கேதக் கருவி, குண்டு மாட்டும் ரேக் வரை எது எந்த நாட்டு உரிமத்தில் வருகிறது, அந்த நாட்டோடு நமக்கு அடுத்த 30 ஆண்டு எப்படி இருக்கும். இரண்டாவது கேள்விக்கு விடை விமானப்படையிடம் கிடையாது, வெளியுறவுத் துறையிடம்தான் கேட்க வேண்டும்.

ரன்வே 09:
அர்ஜென்டினா கதையில் ஒரு வால் இருக்கிறது. அவர்களிடம் இருக்கும் கேசி-130 டாங்கர் (வானிலேயே எரிபொருள் ஊட்டும் விமானம்), குழாய் நுனியில் கூடை தொங்கவிடும் வகை. எஃப்-16-க்கோ முதுகில் துளை. டாங்கரிலிருந்து விறைப்பான குழாய் இறங்கிச் செருக வேண்டும். ஆக விமானமும் இருக்கிறது, டாங்கரும் இருக்கிறது, எரிபொருள் மாற்றத்தான் முடியாது.

எஃப்-16 வாங்குபவர்கள் மறக்கும் இன்னொன்று ஹைட்ரசின். என்ஜின் அணைந்தால் அவசர மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் தர ஒரு சிறு டர்பைன் இருக்கிறது. அது ஓடுவது ஹைட்ரசின்-தண்ணீர் கலவையில், 70-க்கு 30. நச்சு. வானில் அது ஒருமுறை ஓடிவிட்டால், இறங்கிய விமானத்தைத் தனி இடத்தில் நிறுத்தி, காற்று வீசிவரும் பக்கத்திலிருந்து மட்டும், மூச்சுக்கருவி அணிந்தவர்கள்தான் கிட்டே போகலாம். இதற்குத் தனிக் கிடங்கு, தனி உடை, பயிற்சி பெற்ற குழு எல்லாம் விமானம் வருவதற்கு முன்பே வேண்டும். திசைதிருப்பி இறங்கும் மாற்று விமான நிலையத்திலும்!

எஃப்-16-இன் காற்று வாய் தரைக்கு மிக அருகில். ஓடுபாதையில் கான்கிரீட் மூட்டு பெயர்ந்திருந்தால் ஒரு சில்லு போதும், முன் விசிறி இதழ் நெளிந்துவிடும். தினமும் காலையில் வரிசையாக நடந்து பொறுக்க வேண்டும். மிக்-29 ஆரம்ப வகையில் தரையில் ஓடும்போது கீழ் வாய் கதவு மூடி, மேல் திறப்பு வழியாகக் காற்று எடுக்கும். சுகோயில் கம்பி வலை எழும். மோசமான ஓடுபாதைக்கு ரஷ்யர்கள் யோசித்து வைத்தது அது. என்ஜின் ஷெட் ரஷ்ய என்ஜினைத் திட்டியது சரிதான், ஆனால் இந்தப் பக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெப்பம். விற்பனைத் தாளில் இருக்கும் ஏற்ற தூரம் கடல் மட்டம், 15 டிகிரிக்கு. கடல் மட்டத்திலேயே 40 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும் (டிகிரிக்கு 120 அடி என்று கணக்கு). உந்துவிசை குறையும், ஓட்டம் நீளும், ஒரு குண்டைக் கழற்ற வேண்டிவரும். இந்தியா 126 போர் விமானம் வாங்க நடத்திய போட்டியில் விமானங்களைப் பெங்களூரு, ஜெய்சல்மேர், லே என்று மூன்று இடத்தில் பறக்கவிட்டது இதற்குத்தான். லே 10,000 அடிக்கு மேல். அங்கே என்ஜினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னாலே பல விமானங்களின் குட்டு வெளிப்படும்.

பேரேடு:
அந்த 126 விமானப் போட்டியின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2007-இல் விலைப்புள்ளி கேட்டு, சோதனை எல்லாம் முடித்து, 2012-இல் ரஃபேலைத் தேர்ந்தெடுத்து, 2015-இல் கைவிட்டார்கள். 108 விமானம் உள்நாட்டில் செய்வதாகத் திட்டம். உள்நாட்டில் செய்ய பிரான்ஸைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் உழைப்பு மணி ஆகும் என்பதும், அப்படிச் செய்த விமானத்துக்கு உத்தரவாதம் யார் தருவது என்பதும் தேர்வுக்குப் பிறகுதான் மேசைக்கு வந்தன. முன்பே கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகள்.

சுழலி:
நன்றாகப் போனதையும் சேர்ப்போமே. பிலிப்பைன்ஸ் 2005-இல் எஃப்-5-ஐ ஓய்வுக்கு அனுப்பிய பிறகு பத்தாண்டு போர் ஜெட்டே இல்லை. நேராகப் பெரிய விமானத்துக்குத் தாவாமல், 2014-இல் 12 எஃப்ஏ-50-க்கு 1,890 கோடி பெசோவில் ஒப்பந்தம் போட்டார்கள். 2017-க்குள் எல்லாம் வந்தன. பயிற்சிக்கும் ஆகும், சண்டைக்கும் ஆகும். குறை இருந்தது: எட்டும் தூரம் குறைவு, ஆயுதங்கள் தனித்தனியாகப் பின்னால் வந்தன. ஆனாலும் 2025-இல் அதிலேயே இன்னும் 12 கேட்டிருக்கிறார்கள்.

தாய்லாந்து 12 கிரிப்பனோடு சாப்-340 ரேடார் விமானத்தையும் சேர்த்து வாங்கியது. எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கண் தனியாக இருந்தால், ரோந்துக்கே மணியைக் கரைக்க வேண்டியதில்லை. அதே நாடு எஃப்-35 கேட்டபோது 2023-இல் அமெரிக்கா மறுத்தது. பயிற்சி, பராமரிப்பு, தளத் தேவைகளைக் காரணம் காட்டியது.

புதுவரவு:
பழைய விமானம் வாங்கும்போது மணிப் புத்தகத்தில் 4,000 என்று இருந்தால் எஃப்-16-இன் 8,000 மணி ஆயுளில் பாதி மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

என்ஜின் ஷெட்:
கூடாது. நேராகப் பறந்த 4,000 மணியும், தினமும் 7 ஜி (புவியீர்ப்பைப் போல் ஏழு மடங்கு சுமை) இழுத்துத் திரும்பிய 4,000 மணியும் ஒன்றல்ல. ஒவ்வொரு வால் எண்ணுக்கும் (அதாவது ஒவ்வொரு தனி விமானத்துக்கும்) சுமைப் பதிவு தனியாக இருக்கும், அதைக் கேளுங்கள். இறக்கை பொருந்தும் நடு உடல் சட்டங்களில் விரிசல் சோதனை எப்போது நடந்தது, எந்த ஓட்டை பெரிதாக்கப்பட்டு புஷ் (உள் வளையம்) போடப்பட்டது என்று பாருங்கள். பறந்து வந்து இறங்குவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பேனலைத் திறக்க வையுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த வால் எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.