சளிக்குள் பாக்டீரியா: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். எலியின் பெருங்குடலில் பாக்டீரியா எந்த இடம் வரை வருகிறது என்று பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஆய்வு வேலை. ஏழெட்டு மாதம் எந்த ஸ்லைடை எடுத்தாலும் ஒரே காட்சி. பாக்டீரியாக்கள் குடல் செல்கள் மேலேயே ஒட்டிக் கிடந்தன. குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிப் படலம் என்ற ஒன்றையே காணோம். அது பாக்டீரியாவுக்குத் தடுப்புச்சுவர் என்று படித்ததெல்லாம் சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

கோளாறு, திசுவைக் கெடாமல் வைக்கப் பயன்படுத்திய ஃபார்மலினில். தண்ணீர் கலந்த அந்தத் திரவம் பட்டால் சளி சுருங்கிக் குலைந்துபோகும். மெத்தனால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம் சேர்ந்த கரைசலுக்கு மாறினேன். குடலைத் தண்ணீரில் அலசவே இல்லை, உள்ளே இருந்த கழிவோடு அப்படியே போட்டேன். அன்று நுண்ணோக்கியில் கண்டது இன்னும் மனசில் நிற்கிறது. ஒரு பக்கம் சிவப்பாக ஒளிரும் பாக்டீரியாக் கூட்டம். எதிரே நீல நிறத்தில் செல் கருக்களின் வரிசை. நடுவில் சுமார் 50 மைக்ரானுக்கு வெறும் இருட்டு. அந்த இருட்டுதான் உட்சளி! சளியின் வெளியடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும், உள்ளடுக்கில் நுழையாது என்று ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு 2008-லேயே காட்டியிருந்தது. மியூக்2 என்ற சளிப் புரதம் இல்லாத எலிகளுக்கு அந்த இடைவெளியே கிடையாது. அவற்றுக்குக் குடல் அழற்சி வந்துவிடுகிறது.



நான் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவோடு வேலை செய்கிறேன். அது நீந்தும் திரவத்தைச் சளி மாதிரி கெட்டியாக்கிப் பாருங்கள். மற்றவை திணறி நின்றுவிடும் இடத்திலும் இது திருகாணி மாதிரி துளைத்துக்கொண்டு போகும்.



நான் ஆய்வாளர் இல்லை, ஒரு அம்மா. என் மகளுக்கு ஐந்து வயதில் ஈ.கோலை ஓ157 என்ற குடல் கிருமியின் தொற்று. ரத்தமாகப் போனது. ஆன்டிபயாடிக் ஏன் தரவில்லை என்று டாக்டரிடம் கத்தினேன். கொடுத்தால் கிருமி ஷிகா நச்சை இன்னும் அதிகமாக வெளிவிடலாம், சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். அப்படியும் சிறுநீர் குறைந்தது. ஆறாம் நாள் நர்ஸ் அளவுக் குடுவையைத் தூக்கி, "பாருங்கம்மா, 200 மில்லி" என்றபோது அழுதுவிட்டேன். இன்றும் ஒன்று புரியவில்லை. கண்ணில்லாத கிருமிக்குச் செல் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது?



அக்கா, நம் உடம்பே அதற்கு வழி சொல்லிவிடுகிறது. சளிப் புரதத்தின் நுனிகளில் ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. குடலில் சாதுவாக வாழும் பாக்டீராய்டஸ் அதை வெட்டி எடுக்கும். சிதறும் ஃபியூக்கோஸை ஓ157 தன் உணர்வுப் புரதத்தால் அறிந்துகொள்கிறது. இன்னும் சளியில்தான் இருக்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம். செல்லைக் குத்தும் ஊசி போன்ற கருவியைச் செய்ய நிறைய சக்தி செலவாகும், அதனால் அந்த மரபணுக்களை அடக்கி வைக்கிறது. இந்த ஃபியூக்கோஸ் கதை வெளிவந்தது 2012-ல். வழியில் ஒரு நொதியை விட்டுச் சளிப் புரதத்தை அறுக்கவும் செய்யும். நம் உடம்பு சுரக்கும் அட்ரீனலினையும் நார்அட்ரீனலினையும் உணர இன்னொரு புரதம் இருக்கிறது. அந்தச் சமிக்ஞை வந்தால் ஊசி தயாராகும்.

சிறுநீரகம் ஒருமுறை அடிபட்டிருந்தால் சில வருடங்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்வார்கள். பாப்பாவுக்கு அதைப் பார்த்து வருகிறீர்களா?