9 டன் பாய்லரைத் தூக்க 50 டன் கிரேன் எதற்கு?

கேள்வி: அரிசி ஆலை, காங்கேயம்
பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கப் போகிறோம். புதியதன் எடை 9 டன். 7 மீட்டர் உயரக் கொட்டகைக்கு மேலாகத் தூக்கிப் பின்புறம் இறக்க வேண்டும். கிரேன் நிற்கும் இடத்திலிருந்து அஸ்திவாரம் 13 மீட்டர். ஒருவர் 14 டன் ஹைட்ரா (சுமையோடு நகரும் சிறு கிரேன்) போதும் என்கிறார். இன்னொருவர் 50 டன் வண்டிக்குக் குறைந்து பேசுவதே இல்லை. வாடகையை ஏற்றப் பார்க்கிறாரோ?

பதில்: ரிக்கிங் மேற்பார்வையாளர்
இல்லை அண்ணா, அவர் சொல்வதும் போதுமா என்பதே என் சந்தேகம். வண்டியின் பெயரில் இருக்கும் டன், கிரேனின் நீளும் கையான பூமைச் சுருக்கி மிக அருகில் தூக்கும்போது மட்டும்தான். தூரம் கூடக் கூடத் திறன் சரியும். 9 டன்னை 13 மீட்டரால் பெருக்கினால், கிரேனைக் கவிழ்க்கப் பார்க்கும் பளு 117 டன்-மீட்டர். ஹைட்ராவுக்கு 14 டன் என்பது சக்கரத்தை ஒட்டி 2 மீட்டருக்குள் என்று வைத்தாலும் 28தான். 50 டன் வண்டி 3 மீட்டரில் 150. ஆனால் பூம் நீளும்போது அதன் சொந்த எடையே அந்த 150இல் பெரும்பங்கைத் தின்றுவிடும். கொக்கி, சுமையைக் கட்டித் தூக்கும் சிலிங், அதை மாட்டும் ஷேக்கிள் எல்லாம் சேர்ந்து அரை டன்னைத் தாண்டலாம். அதையும் சுமையோடு கூட்ட வேண்டும். எனவே எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்று காட்டும் லோட் சார்ட்டை இருவரிடமும் கேளுங்கள். காட்ட மறுப்பவரை அனுப்பிவிடுங்கள்.

13 மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள்?

கேள்வி கேட்டவர்
வண்டியின் பின்முனை வரும் இடத்திலிருந்து. எடைமேடைக்குப் பக்கத்தில் நிறுத்தலாம் என்று எண்ணம்.

பதில்: ரிக்கிங் மேற்பார்வையாளர்
பூம் சுழலும் மையத்திலிருந்து, இறக்கும் இடத்தில் பாய்லரின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். அப்படியானால் தூரம் இன்னும் கூடும், 80 டன் வண்டியின் சார்ட்டையும் பாருங்கள். எடைமேடைக் குழியின் ஓரத்தில் கிரேனின் தாங்குகால்களை (அவுட்ரிகர்) ஊன்றவே கூடாது, குழிச்சுவர் பக்கவாட்டில் பிதுங்கும். கொட்டகையின் கூரைத் தகடுகளைச் சில மணி நேரம் கழற்றி, கிரேனை உள்ளே நெருக்கி நிறுத்த வழி இருக்கிறதா? தூரத்தைக் குறைப்பதுதான் வாடகையைக் குறைக்கும் வழி.

பதில்: பாய்லர் பராமரிப்பவர்
பழைய பாய்லரை மறந்துவிட்டீர்கள். உள்ளே தண்ணீர் தங்கியிருந்தால் ஒவ்வொரு கன மீட்டரும் 1 டன். உப்புப் படிவு, நெருப்புச் செங்கல் வேறு. வடித்து, செங்கல்லைப் பெயர்த்த பிறகே தூக்குங்கள். சிலிங்கையும் சரியான நீளத்தில் கேளுங்கள்: 9 டன் புதிய பாய்லருக்குச் சிலிங்கின் இரண்டு கால்கள் தரைமட்டத்திலிருந்து 60 பாகையில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 5.2 டன் இழுவை, 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றிலும் முழு 9 டன்.

கேள்வி கேட்டவர்
தகடுகளைக் கழற்றலாம். மையத்திலிருந்து அளந்தால் 9 மீட்டருக்குள் வருகிறது. அப்போது ஹைட்ரா?

பதில்: ரிக்கிங் மேற்பார்வையாளர்
அப்போதும் வேண்டாம். 9 மீட்டருக்கு 50 டன் வண்டியின் சார்ட்டைப் பாருங்கள், அவுட்ரிகர் முழுதாக விரிந்த நிலைக்கான பத்தியில். லாரியிலிருந்து உதிரிகளை இறக்கி நகர்த்த ஹைட்ராவை வைத்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் பரிசோதித்த சான்றிதழ் கிரேனுக்கும் சிலிங்குக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் இரண்டையும் வாங்கிப் பாருங்கள்.