எரிந்து விழுகிறான், பேச மறுக்கிறான்: வயசுக் கோளாறா, வேறு ஏதாவதா?

கேள்வி
மகனுக்கு 15 வயது. இரண்டு மூன்று மாதமாக எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். ஆசை ஆசையாக வாசித்த கீபோர்டின் மேல் இப்போது அழுக்குத் துணிதான் குவிந்து கிடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் அவன் அறையில் விளக்கு எரிகிறது. கணவரோ "அந்த வயசில் நானும் இப்படித்தான்" என்கிறார். நேற்று "நான் இல்லாம போனா உங்களுக்கு நிம்மதிதானே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். கோபத்தில் சொன்னதா, நிஜமாகவா? கேட்கவும் பயம், கேட்டு நாமே அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டால்?

பதில் 1
பள்ளியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். இன்றைக்கே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஆய்வுகளும் அதைத்தான் காட்டுகின்றன. சுற்றி வளைக்காமல் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்றே கேட்கலாம். ஆமாம் என்றால் அதட்டாதீர்கள், அழுது தீர்க்காதீர்கள், மனநல மருத்துவரிடம் உடனே நேரம் வாங்குங்கள். எப்படி, எப்போது என்று திட்டமே வைத்திருந்தால் தனியாக விடாமல் அன்றே அவசரப் பிரிவுக்கு. எதுவானாலும் வீட்டில் உள்ள மாத்திரைகளை முதலில் பூட்டி வையுங்கள்.

அப்புறம், இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வராது, சிடுசிடுப்பாகவும் வரும். பிடித்ததெல்லாம் கசந்து, தூக்கமும் கெட்டு, இரண்டு வாரம் தாண்டினாலே காட்ட வேண்டும். 10 முதல் 19 வயதுக்குள் 7 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதனால் உங்கள் வளர்ப்பில் குறை என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

பதில் 2
விளக்கு எரிவதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம் சகோதரி, இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும், தூக்கம் லேட்டாகத்தான் வரும். ஆனால் 8 மணி நேரமாவது தூங்கியாக வேண்டும். நான் செய்த தப்பு, மகளின் போனைப் பிடுங்கி வைத்தது. அவள் மனம் விட்டுப் பேசிய ஒரே தோழி அந்தப் போனில்தான் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எதிரே உட்கார வைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. துணி மடிக்கும்போது, பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டபோதுதான் வாய் திறந்தாள்.

பதில் 3
நானும் அந்தப் பையனாக இருந்தவன்தான், இப்போது 22. "உனக்கு என்ன குறை, எல்லாம்தான் வாங்கித் தர்றோமே" என்ற ஒரு வரியை மட்டும் சொல்லாதீர்கள் அம்மா, அதைக் கேட்ட பிறகுதான் நான் பேசுவதையே நிறுத்தினேன். கவுன்சிலிங்கில் முதல் வாரம் கொடுத்த வேலை தினமும் பத்து நிமிட நடை, அவ்வளவுதான். சிரிப்பாக இருந்தது, ஆனால் படுக்கையை விட்டு எழுந்தது அதனால்தான். மாத்திரை எழுதினால் முதல் சில வாரம் கூடவே இருந்து கவனியுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்
கேட்டுவிட்டேன். நீண்ட நேரம் சுவரையே பார்த்துவிட்டு "சில நாள் தோணும்" என்றான். திட்டம் எதுவும் இல்லையாம். நாளை மறுநாள் டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று, பிரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை டப்பா பீரோவுக்குள் போய்விட்டது. கணவரையும் அழைத்துப் போகலாமா, இல்லை முதல் தடவை நான் மட்டுமா?

பதில் 1
அதைப் பையனிடமே கேளுங்கள்.