1:72 டச்சு மாதிரிக் கப்பல்: அணியத்தில் (மூக்குப் பகுதியில்) பலகை வரி ஏறி நிற்கிறது

களியக்காவிளை_உளி:
குளச்சல் போர் நடந்த 1741 காலத்து டச்சு வணிகக் கப்பல், 1:72 அளவு. கிட் இல்லை, வரைபடம் மட்டும். ஏராவுக்கு (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) 5 மி.மீ. பிளைவுட், பல்க்ஹெட்டுக்கு (அதன் மேல் நிற்கும் குறுக்குச் சட்டம்) 4 மி.மீ. பலகை வரி (உடலைப் போர்த்தும் பட்டை) தேக்கு, 4 x 1.5 மி.மீ. ஏழு வரி ஒட்டியாச்சு. நடுவில் நன்றாகப் படிகிறது. அணியத்தில் மட்டும் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் விளிம்பில் ஏறி, ஓடு வேய்ந்த மாதிரி நிற்கிறது. குண்டூசி அடித்து அமுக்கினால் நீளவாக்கில் பிளக்கிறது. இரண்டு இடத்தில் ஃபெவிகாலும் விட்டுவிட்டது. அரம் போட்டுச் சமப்படுத்தலாமா, கழற்றணுமா?

கொழிஞ்சாம்பாறை_இழைப்புளி:
கழற்றுங்க. அரம் போட்டா மேடான இடத்துல 1.5 மி.மீ. பலகை அரை மி.மீ. ஆயிடும், விரல் பட்டாலே உள்ளே போயிடும்.

டச்சுக் கப்பலுக்கு மூக்கு உருண்டை. நடுவில் சுற்றளவு அதிகம், மூக்கில் குறைவு. வரி எண்ணிக்கை மட்டும் ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். அப்போ மூக்குக்குப் போகப் போக வரி ஒடுங்கணும். 4 மி.மீ. அகலத்தை முனைவரை அப்படியே கொண்டுபோனா அது பக்கவாட்டில் வளையணும். மரம் தட்டையாக வளையும், பக்கவாட்டில் வளையாது; அதனால் விளிம்பைத் தூக்கிக்கும். குண்டூசியால் இதைச் சரிபண்ண முடியாது.

ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் காகிதத் துண்டைச் சுற்றி, மேல் வரியிலிருந்து ஏரா வரை நீளம் குறிச்சுக்கோங்க. நடுவில் 104 மி.மீ. வந்தா 4 மி.மீ. கணக்கில் 26 வரி. மூக்குப் பக்கத்து பல்க்ஹெட்டில் 62 வந்தா, 62-ஐ 26-ஆல் வகுத்தா சுமார் 2.4 மி.மீ.; அங்கே வரியோட அகலம் அதுதான். இப்படி எல்லா பல்க்ஹெட்டுக்கும் கணக்குப் போட்டு, பலகையில் குறிச்சு, ஒரு விளிம்பை மட்டும் சீவுங்க. பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, முனை கூர்ந்து பிளக்கும். 45 மி.மீ.தான் வருதுன்னா கணக்கு 1.7 ஆகும், அங்கே ரெண்டு வரியை முன்கூட்டியே நிறுத்தி, ஒரே வரியாக முன்னால கொண்டுபோங்க. பின்பக்கம் இதுக்கு நேர்மாறு: சுற்றளவு கூடும், ஆப்பு வடிவத் துண்டு செருகணும்.

இன்னொண்ணு, பல்க்ஹெட் விளிம்பைச் சாய்வா ராவினீங்களா? மெல்லிய ரீப்பரை நாலு பல்க்ஹெட் மேல வச்சுப் பாருங்க. பல்க்ஹெட்டோட 4 மி.மீ. தடிமன் முழுக்கத் தொடணும். ஒரு மூலை மட்டும் தொட்டா பசை பிடிக்க இடமே இல்லை. முதல் பல்க்ஹெட்டுக்கும், மூக்கு நுனியில் நிற்கிற முன்கட்டைக்கும் நடுவில் காலியா விடாம குமிழ் மரக் கட்டை ஒட்டிச் செதுக்கிடுங்க. உருண்டை மூக்குக்கு இது இல்லாமல் ஆகாது.

வரியை வெந்நீரில் 20 நிமிஷம் ஊறவச்சு, சால்டரிங் அயன் தண்டில் வளைச்சு, இடத்தில் கட்டி ஒரு ராத்திரி காயவிட்டு அப்புறம் ஒட்டணும். ஈரத்தோட ஒட்டினா காயும்போது சுருங்கி இடைவெளி விடும்.

செங்கோட்டை_அரம்:
அண்ணாச்சி அளவைச் சொல்லிட்டார், நான் மரத்தைச் சொல்றேன். தேக்கு பெரிய கப்பலுக்கு அரசன், 1:72-க்கு ஆகாது. துளை பெரிசு, நார் முரடு, 1.5 மி.மீ.க்கு இழைச்சா நார் வழியே கிழியும். எண்ணெய்ப் பசை வேற. ஒட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அசிட்டோன் போட்டுத் துடைக்கலைன்னா ஃபெவிகால் விட்டுத்தான் போகும். அயனியும் இதே முரட்டு ஜாதிதான், வள்ளத்துக்கு நல்லது.

மஞ்சக்கடம்பு கேட்டுப் பாருங்க. நார் நெருக்கம், மஞ்சள் நிறம், சின்ன அளவில் கண்ணுக்குப் பொருந்தும். வெப்பாலையும் நல்லது, ஏடிகொப்பாக்கா, சன்னபட்டணா கடைசல் பொம்மைகள் அதில்தான் செய்யறாங்க. நம்ம ஊரில் மலிவா கிடைக்குதேன்னு ரப்பர் மரம் பக்கம் போகாதீங்க. மாவுச்சத்து அதிகம், போராக்ஸ்-போரிக் மருந்து ஏற்றாததுன்னா வண்டு துளைக்கும், நீலம் பூக்கும்.

ஒரு பக்கத்துக்கு 26 வரி, 75 செ.மீ. உடல்னா ரெண்டு பக்கத்துக்கும் 39 மீட்டர். சேதாரத்தோட 50 மீட்டர் அறுத்து வைங்க. நிஜக் கப்பலில் 25 அடிப் பலகைன்னா உங்க அளவில் 106 மி.மீ.; அதுக்கொரு மூட்டு. அடுத்தடுத்த வரியில் மூட்டு ஒரே பல்க்ஹெட் மேல விழக் கூடாது.

மழையில் ஒட்டாதீங்க. உங்க பக்கம் ரெண்டு பருவமழையும் உண்டு. ஈரம் குடிச்ச வரி, வெயில் காலத்தில் ஆளுக்கு 0.05 மி.மீ. சுருங்கினாலே 26 வரிக்கு 1.3 மி.மீ.

களியக்காவிளை_உளி:
அண்ணாச்சி, விளிம்பு ராவவில்லை. அதுவும் ஒரு காரணம். இன்னொரு சிக்கல்: முன்னாலிருந்து நூல் பிடித்தால் ஏரா இடப்பக்கம் 2 மி.மீ. வளைந்திருக்கிறது. ஏழு வரியும் இடப்பக்கம்தான்.

கொழிஞ்சாம்பாறை_இழைப்புளி:
அப்போ ஏழையும் எடுக்கத்தான் வேணும். வளைச்ச பலகை நிமிரப் பார்க்கும், ஒரே பக்கம் ஏறினா ஏராவை இழுத்துடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பிரஷ்ல தடவி, ஊறவிட்டு, மெல்லிய பிளேடை நுழைச்சா ஃபெவிகால் விடும். ஃபெவிக்விக் போட்ட இடத்துக்கு அசிட்டோன். ஏரா முழுக்க உலர்ந்த பிறகு, நேரான பலகையில் ரெண்டு எல்-ஆங்கிளுக்கு நடுவில் இறுக்கி, பல்க்ஹெட்டுகளுக்கு இடையே ரெண்டு பக்கமும் கட்டை ஒட்டுங்க. பசை முழுசா இறுகும்வரை கழற்றாதீங்க. அதுக்கப்புறம் இடம் ஒரு வரி, வலம் ஒரு வரி. அடிவளைவில் வெளிப்பக்கம் வி மாதிரி பிளவு தெரிஞ்சா, வரியோட உள்விளிம்பை லேசாச் சாய்ச்சுச் சீவுங்க, மூடிக்கும்.