ஆறுமுகம் தாத்தா வீடு 🏠

செல்வி அத்தை: குமாரு, ரத்ததானம் குடுக்கப் போன இடத்துல மஞ்சக்காமாலை பி-ன்னு சொன்னாங்களாமே? கீழாநெல்லி வேரோட பறிச்சு வச்சிருக்கேன். மதுரை பஸ்ல குடுத்து விடவா? மோர்ல அரைச்சு வெறும் வயித்துல குடி

குமார் சித்தப்பா: கண்ணு மஞ்சளாவே இல்லக்கா. நல்லா பசிக்குது, நல்லா தூங்குறேன்

ரேவதி: அதான் சித்தப்பா இதுல சிக்கல். கல்லீரல் வருஷக்கணக்குல வாயே தொறக்காது

தினேஷ்: அக்கா, அப்பா ரிப்போர்ட்ட வச்சு கூகுள்ல தேடுனேன். லிவர் கேன்சர்னு வருது 😢

ரேவதி: சம்பந்தம் இருக்குடா, மறைக்கல. 1981ல தைவான்ல 22,707 ஆம்பளைங்கள வச்சுப் பண்ண ஆய்வு வந்துச்சு. கல்லீரல் புத்து வந்த 41 பேர்ல 40 பேர் இந்த ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்தவங்க. ஆனா இன்னொரு கணக்கையும் பாரு. வைரஸ் இருந்தவங்க மொத்தம் 3,454 பேர். அதுல 40. வைரஸ் இருந்தா புத்து நிச்சயம்னு இல்ல

தினேஷ்: அப்பா குடிக்கவே மாட்டாரே அக்கா

ரேவதி: குடி வேணும்னு இல்லடா. இந்த வைரஸ் கல்லீரல் செல்லோட டிஎன்ஏக்குள்ளயே போய் ஒட்டிக்கும். ஈரல் சுருங்காமலே கூட புத்து வரலாம். அதனாலதான் இந்த வைரஸ் இருக்கற, நாப்பது தாண்டுன ஆம்பளைங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் எடுக்கணும்ங்கறது

செல்வி அத்தை: அப்ப கீழாநெல்லி வேஸ்டா?

ரேவதி: சிரிச்சிட்டு விடற விஷயம் இல்ல அத்தை. இந்த வைரஸக் கண்டுபிடிச்சு நோபல் வாங்குன பிளம்பர்க்ங்கற விஞ்ஞானியே மெட்ராஸ் டாக்டர்களோட சேர்ந்து அதச் சோதிச்சாரு. 1988ல பாதிப் பேருக்கு மேல வைரஸ் போச்சுன்னு வந்துச்சு. அப்புறம் வேற இடங்கள்ல பண்ணப்ப அந்தப் பலன் வரல. சித்தப்பா முதல்ல வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்கட்டும். மருந்து தேவைன்னா பெரியாஸ்பத்திரில இலவசமாவே தருவாங்க

மீனா சித்தி: அதெல்லாம் இருக்கட்டும். ஞாயித்துக்கிழம அண்ணி வீட்ல எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்ல காபி. இவருக்கு மட்டும் பேப்பர் கப்பு. குடிச்சதும் அண்ணி கப்ப கவர்ல போட்டு முடிச்சுப் போட்டாங்க. இவரு ஒண்ணும் சொல்லல. பஸ்ல வர்ற வரைக்கும் பேசவும் இல்ல

குமார் சித்தப்பா: மீனா விடு

செல்வி அத்தை: வீட்ல பேரன் இருக்கான் மீனா. பயம்தான்

ரேவதி: டம்ளர்ல, தட்டுல, சேந்து சாப்பிடறதுல பரவாது அத்தை. ரத்தத்துல பரவும். ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ் தனியா வச்சா சரி. உடலுறவுலயும் பரவும், அதனால சித்தியும், ஒரே வீட்ல இருக்கறதால தினேஷும் டெஸ்ட் எடுத்துட்டு ஊசி போட்டுக்கணும். மூணு டோஸ். பேரனுக்குப் பொறந்த அன்னிக்கே போட்டிருப்பாங்க, கார்டு பாருங்க

ரேவதி: அத்தை, கேக்கக் கூடாதுதான். பாட்டி எப்படிப் போனாங்க?

செல்வி அத்தை: வயிறு வீங்கி. தண்ணி எடுக்க எடுக்க ஊறுச்சு. ஏன்?

ரேவதி: அதுவா இருக்கணும்னு இல்ல. ஆனா பெரியவங்க ஆனப்புறம் தொத்துனா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்குத் தானா போயிடும். பிரசவத்துல அம்மாகிட்ட இருந்து வந்தாதான் பெரும்பாலும் தங்கிடும். சித்தப்பாவுக்கு அப்படி வந்திருந்தா உங்களுக்கும் வந்திருக்கலாம். நீங்களும் பாத்துடுங்க

(செல்வி அத்தை டைப் செய்கிறார்…)

செல்வி அத்தை: அதுக்கு வெறும் வயித்துலயா போகணும்?

மீனா சித்தி: வேண்டாம் அண்ணி. காபி குடிச்சிட்டே போங்க. எவர்சில்வர் டம்ளர்லயே